பாசி எடுக்கும் கைக்கு

உச்சிப்புளி வாசகிக்கு,

அம்மாவுக்கு மார்பக ஆபரேஷன், கீமோ, கரண்ட் வைப்பது எல்லாம் முடிந்துவிட்டது, இனி கடலுக்குப் பாசி எடுக்கப் போகலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். புண் நன்றாக ஆறி, டாக்டரும் சரி என்றால் போகலாம். கையை அசைக்காமல் பொத்திவைத்தால்தான் தோள் இறுகிப்போகும்.

ஆனால் அக்குளில் நெறிகளையும் எடுத்திருக்கிறார்களே, அந்தப் பக்கத்துக் கையில் நிணநீர் வடியும் வழி குறைந்திருக்கும். விரலில் துணியைச் சுற்றிக்கொண்டு பாறையிலிருந்து பாசியைப் பிடுங்குவது உங்கள் கரையில் வழக்கம். அம்மாவுக்கு இனி அது போதாது, தடித்த கையுறை வேண்டும். சின்னக் கீறல்கூடச் சீழ்பிடித்து, வீக்கம் நிரந்தரமாகத் தங்கிவிடக்கூடும். கீறினால் உடனே சோப்புப் போட்டு நல்ல தண்ணீரில் கழுவுங்கள். கை சிவந்து சூடாகிக் காய்ச்சலும் வந்தால், அன்றைக்கே ஆஸ்பத்திரி. வளையல் இறுக்குகிறது என்று அம்மா சொன்னால் அதையும் அலட்சியப்படுத்தாதீர்கள்.

"கட்டியைத்தான் எடுத்தாச்சே, மாத்திரை எதுக்கு?" என்கிறாராம். நியாயமான கேள்விதான். அவருடைய கட்டி ஹார்மோனைத் தின்று வளரும் வகை. ஸ்கேனிலும் சிக்காத செல்கள் எங்காவது ஒளிந்திருந்தால், அவற்றுக்குத் தீனி போகாமல் தடுப்பது டமாக்சிஃபென். 5 ஆண்டு விடாமல் சாப்பிட்டவர்களில் இந்த நோயால் இறப்பது ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்திருக்கிறது. மாதவிலக்கு நின்றபின் உதிரம் பட்டால் மட்டும் டாக்டரிடம் உடனே சொல்ல வேண்டும்.

முதல் 3 ஆண்டுகள் 3 முதல் 6 மாதத்துக்கு ஒருமுறை நேரில் காட்டுவதும், வருடம் ஒரு மேமோகிராமும் அவசியம். தொந்தரவே இல்லாதவருக்கு வருடாவருடம் முழு உடல் ஸ்கேன் தேவையில்லை. அதற்காக நகையை அடகு வைக்காதீர்கள்.

கடிதம் முழுக்க அம்மா. உங்களைப் பற்றி ஒரு வரி இல்லை. 30 வயதைத் தாண்டிய பெண்களுக்கு அரசு ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே மார்பைப் பரிசோதிக்கிறார்கள். 'கையால் தடவிப் பார்த்து என்ன தெரியும்' என்று நினைக்க வேண்டாம். மும்பை டாடா நினைவு மருத்துவமனை ஒன்றரை லட்சம் பெண்களிடம் 20 ஆண்டு நடத்திய ஆய்வு 2021இல் வெளியானது. பயிற்சி பெற்ற பெண் பணியாளர்கள் கையால் பரிசோதித்ததிலேயே, 50 வயதைத் தாண்டியவர்களிடம் மார்பகப் புற்றால் ஏற்படும் மரணம் சுமார் 30 சதவீதம் குறைந்திருந்தது.

வலித்தால் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிடாதீர்கள், புற்றுக்கட்டி ஆரம்பத்தில் பெரும்பாலும் வலிப்பதில்லை. அம்மாவுக்கு எந்த வயதில் நோய் வந்தது என்பதையும் சுகாதார நிலையத்தில் சொல்லுங்கள். உங்களுக்கு மேமோகிராம் எப்போது தொடங்குவது என்று அதை வைத்துத்தான் முடிவு செய்வார்கள்.

அன்புடன்.