மெஷ் வைஃபைக்கும் ஒரு கேபிள் தேவை

வரவேற்பறையில் இணையம் பறக்கிறது. கடைசிப் படுக்கையறையிலோ பிள்ளையின் இணைய வகுப்பு நின்று நின்று ஓடுகிறது. மெஷ் வைஃபை பெட்டிகள் வாங்கி வைத்த பிறகும் இதே நிலைதானா? கைப்பேசியில் வைஃபை கோடுகள் முழுமையாகத் தெரிவதைப் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள். அவை உங்கள் கைப்பேசிக்கும் பக்கத்துப் பெட்டிக்கும் உள்ள தொடர்பை மட்டுமே காட்டும். அந்தப் பெட்டிக்கும் முதன்மைப் பெட்டிக்கும் உள்ள தொடர்பு எப்படி என்று சொல்லாது.

சிக்கல் பெரும்பாலும் அங்கேதான். இரு பெட்டிகளும் காற்று வழியே ஒரே அலைவரிசையில் பேசினால், துணைப் பெட்டி ஒவ்வொரு தகவலையும் வாங்கி, மறுபடியும் அனுப்ப வேண்டும். இரண்டையும் ஒரே நேரத்தில் செய்ய முடியாததால் வேகம் ஏறக்குறையப் பாதியாகிவிடும். விலை கூடிய பெட்டிகள் இந்த வேலைக்கென ஓர் அலைவரிசையைத் தனியாக ஒதுக்குகின்றன. ஆனாலும் சுவர் சுவர்தானே! சிங்கப்பூரின் புதிய வீடுகளில் உள்ள ‘பாம் ஷெல்டர்’ அறையை நினைத்துப் பாருங்கள். இரும்புக் கம்பி பின்னிய தடித்த கான்கிரீட் சுவர், எஃகுக் கதவு. அதைத் தாண்டுவதற்குள் 5 கிகாஹெர்ட்ஸ் அலை வலுவிழந்துவிடும். சிலர் ரவுட்டரையே அந்த அறைக்குள் பூட்டி வைக்கிறார்கள்.

பெட்டிகளை ஈதர்நெட் கேபிளால் இணைத்துவிட்டால் இந்தத் தொல்லை இல்லை. புதிய வீவக வீடுகள் பலவற்றில் படுக்கையறைச் சுவரிலேயே அதற்கான இணைப்புத் துளை உண்டு. தொலைபேசித் துளை என்று எண்ணி அலமாரியால் மறைத்திருப்போம். வரிசை மட்டும் மாறக்கூடாது. முதலில் மோடம், அடுத்து முதன்மைப் பெட்டி, பிறகுதான் துணைப் பெட்டிகள். முதன்மைப் பெட்டியின் ‘லேன்’ துளையிலிருந்தே கேபிள் கிளம்ப வேண்டும். துளைகள் போதாவிட்டால் அதன் பின்னால் ஒரு சுவிட்ச் வைக்கலாம். துணைப் பெட்டியை நேராக மோடத்தில் செருகினால் மெஷ் வேலை செய்யாது.

என் வீட்டில் எல்லாம் சரியாக மாட்டியும் வேகம் 94 மெகாபிட்டைத் தாண்டவே இல்லை. இரண்டு நாள் பெட்டியைத்தான் திட்டிக்கொண்டிருந்தேன். கடைசியில் பார்த்தால், சுவர்த் துளைக்குப் பின்னால் ஒரு சிறு கம்பி கழன்றிருந்தது. கேபிளுக்குள் எட்டுக் கம்பிகள் இருக்கின்றன. 1 கிகாபிட் வேகத்திற்கு எட்டும் வேண்டும். 100 மெகாபிட்டுக்கு நான்கே போதும். ஒன்று கழன்றாலும் கருவிகள் சத்தமில்லாமல் குறைந்த வேகத்திற்கு இறங்கிவிடலாம். உங்கள் வேகமும் 90களிலேயே நின்றால், முதலில் கேபிளைச் சந்தேகியுங்கள். ‘கேட் 5இ’ வகையே 100 மீட்டர் வரை 1 கிகாபிட்டைத் தாங்கும் என்பதால், அடுக்குமாடி வீட்டுக்கு அதற்குமேல் செலவழிக்கத் தேவையில்லை.

மாட்டியதும் பெட்டியின் செயலியைத் திறந்து, இணைப்பு கேபிள் வழியே என்று காட்டுகிறதா எனப் பாருங்கள். காட்டினால் இன்னொரு வசதியும் கிடைக்கும். காற்றுவழி இணைப்பில் துணைப் பெட்டியைப் பாதி வழியில், அலை நன்றாக எட்டும் இடத்தில் வைத்தாக வேண்டும். இனி அதைப் பிள்ளை படிக்கும் மேசைமீதே வைக்கலாம்.