யுவான்யாங்: சீனதேசத்து மலைத் தாலுக்கா ஒன்று

சீனதேசத்தின் தென்மேற்கிலுள்ள யுன்னான் மாகாணத்தில், அய்லாவோ மலைச்சரிவிலே, செந்நதிக்குத் தெற்கே அமைந்திருப்பது யுவான்யாங் தாலுக்கா. அதன் விஸ்தீரணம் சுமார் 845 சதுர மைல். சமவெளி என்பது அங்கே மிகவும் அரிது. நதிப் பள்ளத்தாக்கு கடல் மட்டத்திற்கு மேல் சுமார் 500 அடியிலும், மலையுச்சி சுமார் 9,600 அடியிலும் இருப்பதால், கீழே கடும் உஷ்ணமும் மேலே குளிரும் மூடுபனியும் நிலவுகின்றன.

2010-ம் வருஷத்து ஜனக்கணக்கின்படி இத்தாலுக்காவின் ஜனத்தொகை ஏறக்குறைய 4 லட்சம். அவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் ஹானி வகுப்பினர். யீ, ஹான், தாய், மியாவ், யாவ், சுவாங் வகுப்பினரும் வசிக்கின்றனர். தாய் மக்கள் பெரும்பாலும் தாழ்ந்த பள்ளத்தாக்கிலும், ஹானிகள் நடுமலையிலும் குடியிருக்கின்றனர்.

சுமார் 1,300 வருஷங்களாக ஹானிகள் மலைச்சரிவைப் படிப்படியாக வெட்டி, வரப்புக் கட்டி, செந்நெல் பயிரிட்டு வருகின்றனர். உச்சியிலே காடு, அதன் கீழே கிராமம், கிராமத்தின் கீழே வயல், அடியிலே நதி என்பது அவர்கள் கண்ட ஒழுங்கு. காடு மழைநீரையும் பனிநீரையும் தேக்கி ஊற்றாக விடுகிறது. கால்வாய்கள் அந்நீரைக் கிராமத்தின் வழியே வயலுக்குக் கொண்டு செல்லுகையில், கிராமத்து எருவும் அதனுடன் சேர்ந்து வயலை அடைகிறது. வயலில் மீனும் வாத்தும் வளர்கின்றன.

நீர்ப் பங்கீடே இவ்வேற்பாட்டின் உயிர். கால்வாய் பிரியுமிடத்தில், அவரவர் பாத்தியதைக்கு ஏற்ற அகலத்தில் பள்ளங்கள் வெட்டிய மரக்கட்டை ஒன்று குறுக்கே பதிக்கப்படுகிறது. நீர் தானே அளவாகப் பிரிகிறது. கால்வாயைக் காவல் செய்து தூர் எடுப்பவனுக்கு, அதனால் பயனடைவோர் யாவரும் தானியமாகக் கூலி அளிப்பது வழக்கம்.

அறுவடைக்குப் பின்னும் வயலில் நீர் நிறுத்தப்படுகிறது. நீர் வற்றினால் வரப்பு வெடிக்கும். அடுத்த மழையில் சரிந்து கீழ்வயல்களையும் அழிக்கும். ஆகையால் ஒருவன் தன் வயலைக் கைவிட்டால் நஷ்டம் அவனோடு நிற்பதில்லை.

2013-ல் இவ்வயல்கள் அடங்கிய சுமார் 41,000 ஏக்கர் நிலப்பரப்பு, 82 கிராமங்களுடன், யுனெஸ்கோ ஸ்தாபனத்தின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. எனினும் வாலிபர்களில் பலர் கூலி நாடி நகரங்களுக்குச் செல்வதால், வரப்பைச் செப்பனிடும் கைகள் குறைந்து வருகின்றன. பட்டியலில் ஏறிய பெயர் வரப்பைத் தாங்காது. காட்டை வெட்டாமலும், கால்வாயைத் தூர்க்காமலும், பங்குக்கு மேல் நீர் கொள்ளாமலும் எல்லோரும் சேர்ந்து நின்றதனாலேயே அம்மலை இத்தனை காலமாகச் சோறளித்து வந்திருக்கிறது.