அழகு மரத்தின் மறுபக்கம்

தோட்டச் சடக்கின் ஓரத்திலும் கைவிடப்பட்ட நிலங்களிலும் செந்நிறக் கொத்துகளாய்ப் பூத்து நிற்கும் உயர்ந்த மரமொன்றை நம்மில் பலர் பார்த்திருப்போம். அதன் மொட்டைப் பிதுக்கினால் நீர் பீய்ச்சி அடிக்கும். அதனாலேயே மலாய் மக்கள் அதனைப் 'பஞ்சுட் பஞ்சுட்' என்பர். அதுவே ஆப்பிரிக்கத் துலிப் மரம். பூவின் அழகுக்காகவே மனிதர் அதனைப் பிற நாடுகளுக்குக் கொண்டுசென்று நட்டனர்.

அயல்நாட்டு மரம் என்பதற்காக ஒன்றை நாம் வெறுக்க வேண்டுவதில்லை. நமக்குச் சோறிடும் ரப்பர் மரமும் பிரேசிலிலிருந்து வந்ததே. 1877ஆம் ஆண்டில் சிங்கப்பூரை அடைந்த 22 கன்றுகளிலிருந்தே இங்கு அது வேரூன்றியது. ஆயினும் இரண்டிற்கும் வேறுபாடு உண்டு. ரப்பர் விதை கனமானது. காய் வெடித்துச் சிதறினாலும் தாய் மரத்திற்கு அணித்தாகவே விழும். துலிப் மரத்தின் விதையோ தாள் போன்ற மெல்லிய இறகுடையது. ஒரு காயினுள் ஏறத்தாழ 500 விதைகள் இருக்கும். அவற்றைக் காற்று தொலைவிற்குக் கொண்டுசெல்லும். மரத்தை வெட்டினாலும் அடிக்கட்டை துளிர்க்கும். மண்ணில் தங்கிய வேர்த்துண்டும் முளைக்கும்.

இதனால் விளைவது யாது? வெயில் படும் வெற்று நிலத்தில் மகாங் போன்ற நம் நாட்டு மரங்களே முதலில் முளைத்து, காட்டை மீண்டும் எழுப்புபவை. அவற்றின் இடத்தைத் துலிப் மரம் பற்றிக்கொள்கிறது. போர்ட்டோ ரிக்கோ தீவில் கைவிடப்பட்ட காப்பித் தோட்டங்களை நிரப்பி, அத்தீவில் மிகுதியாகக் காணப்படும் மரமாகவே அது ஆகிவிட்டது. உலகின் மிகக் கொடிய 100 அயல் ஆக்கிரமிப்பு உயிரினங்கள் எனப் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட பட்டியலிலும் இம்மரம் இடம்பெற்றது. கொடுக்கில்லாத் தேனீக்கள் இதன் பூவினுள் மடிந்து கிடப்பதைப் பிரேசில் நாட்டு ஆய்வாளர் கண்டுள்ளனர். வீட்டருகே கெலுலுட் தேனீ வளர்ப்போர் இதனை மனத்திற் கொள்க.

நாம் செய்யத்தக்கவை மூன்று.

முதலாவது: வீட்டருகிலும் மறுநடவு நிலத்திலும் முளைக்கும் இளங்கன்றுகளை, மழைக்குப் பின் மண் இளகியிருக்கும்போது வேரோடு பிடுங்குதல். கத்தியால் சீவிவிடுதல் போதாது.

இரண்டாவது: இம்மரத்தின் கிளைகள் காற்றில் எளிதில் முறிவன. லயத்தருகே பெரிய மரம் நின்றால் நிர்வாகத்திடம் தெரிவித்தல். நாமே ஏறி வெட்டலாகாது.

மூன்றாவது: பூமரம் நட விரும்புவோர் இம்மண்ணுக்குரிய மகிழம், பூமருது ஆகியவற்றை நடுதல். மகிழம்பூவின் மணத்தை நம் தாய்மார்க்கு எடுத்துச்சொல்ல வேண்டுவதில்லை.

இன்று ஒரு கன்றைப் பிடுங்க ஒரு கை போதும். அது மரமாகி விதைகளைக் காற்றில் விட்ட பின், ஊரே கூடினாலும் அவற்றைத் திரும்பப் பொறுக்குதல் இயலாது.