நிரலுக்கு முன் கேள்வி

மாணவர்களே, ஒரு ராக்கெட்டில் சரியாக இயங்கிய மென்பொருள் இன்னொரு ராக்கெட்டை வீழ்த்துமா? 1996 ஜூன் 4இல் அதுதான் நடந்தது.

ஏரியன் 4க்கு எழுதிய மென்பொருளை ஐரோப்பியப் பொறியியலாளர்கள் ஏரியன் 5இலும் பயன்படுத்தினர். புதிய ராக்கெட்டின் கிடைமட்ட வேகம் பழையதைவிட விரைவாக அதிகரிக்கும். ஆனால், அதன் பயணப் பாதைத் தரவுகள் மென்பொருளின் தேவைப் பட்டியலில் சேர்க்கப்படவில்லை. வேகம் சார்ந்த ஓர் எண் 16 பிட்டில் அடங்கவில்லை. திசைகாட்டும் கணினிகள் இரண்டும் செயலிழந்தன. ஏறத்தாழ 40 வினாடிகளில் ராக்கெட் வெடித்துச் சிதறியது.

‘என்ன தேவை?’ என்பதை முறையாகக் கண்டறிவதே தேவைப் பொறியியல். தேவைகள் தாமாக அமைவதில்லை என்று பெல், தேயர் இருவரும் 1976இலேயே எழுதினர். 1993இல் இத்துறைக்கெனத் தனி அனைத்துலக மாநாடும் நடந்தது.

நீங்களும் நிரல் எழுதுமுன் கேளுங்கள்: யாருக்கு? எதற்கு? எந்தச் சூழலில்? பழைய நிரலை எடுத்தாளும்போது மறுபடியும் கேளுங்கள்.