விண்டோஸ் இல்லையென்றால் கேம் இல்லையா?

லினக்ஸுக்கு மாற நினைப்பவர்களைத் தயங்க வைக்கும் பேச்சு ஒன்று உண்டு: “அதில் கேம் ஓடாது.” பத்தாண்டுகளுக்கு முன் இதை மறுக்க வலுவான ஆதாரம் இல்லை. 2015-இல் லினக்ஸை நம்பி வால்வ் நிறுவனம் கொண்டுவந்த ஸ்டீம் மெஷின் கணினிகள், ஓடும் கேம்கள் போதாமல் விலைபோகவில்லை. கேம் நிறுவனங்கள் லினக்ஸுக்கென்று தனிப்பதிப்பு எழுதித் தரும் எனக் காத்திருப்பதில் பயனில்லை என்பது அப்போதே தெளிவாகிவிட்டது. விண்டோஸுக்கு எழுதிய கேமை அப்படியே லினக்ஸில் ஓட்டும் புரோட்டான் என்ற மென்பொருளை வால்வ் 2018 ஆகஸ்டில் வெளியிட்டது. முதல் நாள் பட்டியலில் இருந்தவை 27 கேம்கள். இன்று ஆயிரக்கணக்கில் ஓடுகின்றன. 2022-இல் வந்த ஸ்டீம் டெக் என்ற கைக்கடக்கமான கணினியே லினக்ஸில்தான் இயங்குகிறது.

“சரி, ஓடும், ஆனால் ஆமை வேகத்தில்தான் ஓடும்” என்பது அடுத்த நம்பிக்கை. புரோட்டானின் அடித்தளமான வைன், கணினிக்குள் இன்னொரு கணினியையே பாவனை செய்கிறது என்ற எண்ணத்தில் பிறந்தது இது. 1993 முதல் வளர்ந்துவரும் வைன் அப்படிச் செய்வதில்லை. கேமின் கட்டளைகளைப் பிராசஸர் நேரடியாகவே செய்கிறது. கோப்பைத் திற, ஒலியை எழுப்பு என்று கேம் விண்டோஸிடம் கேட்பவற்றை மட்டும் வைன் ஏற்று, லினக்ஸ் வழியில் செய்து கொடுக்கிறது.

நெடுநாள் முட்டுக்கட்டையாக இருந்தது திரையில் படம் வரையும் வேலை. விண்டோஸ் கேம்கள் அதற்கு டைரக்ட்எக்ஸை நம்புகின்றன. லினக்ஸில் அது கிடையாது. நியர்: ஆட்டோமேட்டா என்ற கேமை லினக்ஸில் ஆட ஆசைப்பட்ட பிலிப் ரெபோல் என்ற நிரலர், டைரக்ட்எக்ஸ் 11 கட்டளைகளை, லினக்ஸிலும் படம் வரையப் பயன்படும் வல்கன் என்ற முறையின் கட்டளைகளாக மாற்றும் டிஎக்ஸ்விகே என்ற மென்பொருளை எழுதத் தொடங்கினார். 2018 பிப்ரவரியில் வால்வ் அவரை வேலைக்கு அமர்த்தியது. லினக்ஸ் கேமிங்கின் தலையெழுத்தை மாற்றியது ஒரு ரசிகரின் இந்த ஆசைதான் என்று தாராளமாகச் சொல்லலாம்.

இப்படி மாற்றித் தரும் அடுக்கால் சில நேரம் லாபமும் உண்டு. 2022-இல் எல்டன் ரிங் வந்தபோது, வலுவான விண்டோஸ் கணினிகளிலும் சில இடங்களில் ஆட்டம் தடுமாறியது. அந்த இடங்களில் கேம் ஒரே நேரத்தில் ஏராளமான நினைவக ஒதுக்கீடுகளைக் கேட்பதை வால்வின் பொறியாளர்கள் கண்டறிந்தார்கள். டைரக்ட்எக்ஸ் 12-ஐ வல்கனாக மாற்றும் அடுக்கிலேயே அதைச் சீர்செய்தார்கள். கேமின் மூல நிரலைத் தொடாமலே ஸ்டீம் டெக்கில் அந்தத் தடுமாற்றம் குறைந்தது.

ஆன்லைன் போட்டி விளையாட்டுகளைப் பொறுத்தவரை “ஓடாது” என்ற பேச்சில் பாதி உண்மை இருக்கிறது. ஏமாற்றுக்காரர்களைப் பிடிக்கும் ஆன்டி-சீட் மென்பொருள்தான் தடை. அதிலும், ஈஸி ஆன்டி-சீட், பேட்டில்ஐ இரண்டும் 2021-லேயே புரோட்டானுக்கு வழிவிட்டுவிட்டன. அந்த வழியைத் திறப்பதா வேண்டாமா என்பது கேமை வெளியிடும் நிறுவனத்தின் முடிவு. ஈஸி ஆன்டி-சீட்டின் உரிமையாளரான எபிக், தன் சொந்த ஃபோர்ட்நைட்டுக்கு அதைத் திறக்கவில்லை. லினக்ஸில் நன்றாக ஓடிக்கொண்டிருந்த ஏபெக்ஸ் லெஜண்ட்ஸ், ஏமாற்றுக்காரர்கள் அந்தப் பக்கமிருந்து வருகிறார்கள் என்று சொல்லி 2024 அக்டோபர் இறுதியில் கதவை மூடியது. இயங்குதளத்தின் மையமான கெர்னல் மட்டத்தில் இயங்கும் வேன்கார்ட் என்ற ஆன்டி-சீட்டை நம்பியிருக்கும் வாலரன்ட்டுக்கு இப்போதைக்கு வழியே இல்லை.

“பழைய கேம் என்றால் விண்டோஸ்தான்” என்ற நம்பிக்கைதான் மிகவும் ஆட்டம் கண்டிருக்கிறது. 64-பிட் விண்டோஸ் 16-பிட் நிரல்களை ஓட்டுவதில்லை; விண்டோஸ் 11-க்கு 32-பிட் பதிப்பே கிடையாது. எனவே விண்டோஸ் 3.1 காலத்துக் கேம்களை அதில் நேரடியாக ஓட்ட முடியாது. 64-பிட் லினக்ஸில் வைன் அவற்றை ஓட்டும். நகலெடுப்பதைத் தடுக்கும் சேஃப்டிஸ்க் பூட்டுடன் விற்ற பழைய அசல் சிடிக்களின் கதை இன்னும் வருத்தமானது. அந்தப் பூட்டுக்குத் தேவையான டிரைவர் பாதுகாப்புக்கு ஆபத்து என்று 2015-இல் வந்த விண்டோஸ் 10 அதை ஏற்க மறுத்தது. காசு கொடுத்து வாங்கிய அசல் சிடி ஓடாமல் போனது.

ஜிடிஏ: சான் ஆண்ட்ரியாஸில் நடந்தது விசித்திரம். விண்டோஸ் 11-இன் 24எச்2 அப்டேட்டுக்குப் பிறகு, நீரில் இறங்கும் ஸ்கிம்மர் விமானம் ஆட்டத்திலிருந்தே காணாமல் போனது. பழி மைக்ரோசாஃப்ட் மீது விழுந்தது. ஆனால் 2025-இல், கேம்களை மாற்றியமைக்கும் ஒரு மாடர் தோண்டிப் பார்த்தபோது, தவறு 2005-இல் கணினிக்கு வந்த கேமிலேயே இருந்தது தெரியவந்தது. முந்தைய வைஸ் சிட்டியில் ஸ்கிம்மர் படகு வகையில் இருந்ததால் அதற்குச் சக்கர அளவு தேவைப்படவில்லை. சான் ஆண்ட்ரியாஸில் அதை விமானமாக மாற்றியவர்கள் சக்கர அளவைச் சேர்க்க மறந்துவிட்டார்கள். அதற்கு முன் படித்த வண்டியின் அளவு நினைவகத்தில் அழியாமல் கிடந்ததால், ஏறக்குறைய 20 ஆண்டுகள் தற்செயலாகவே எல்லாம் சரியாக நடந்தது. புதிய விண்டோஸ் அந்த இடத்தில் வேறு எதையோ எழுதியதும் குட்டு வெளிப்பட்டது.

வேகம் கூடினால் எல்லாம் சரியாகிவிடும் என்பதும் தவறு. 486 காலத்து டர்போ பட்டன், பிராசஸரின் வேகத்தை நம்பி எழுதிய கேம்களுக்காகக் கணினியை மெதுவாக்கவே இருந்தது. டார்க் சோல்ஸ் 2-இல், நொடிக்கு 60 ஃபிரேம் ஓடும் கணினியில் ஆயுதங்கள் 30 ஃபிரேமில் தேய்வதைவிட இருமடங்கு வேகமாகத் தேய்ந்தன.

பழைய கேம்களை ஓட்ட இன்னொரு வழி, வேறொரு கருவியையே பாவனை செய்யும் எமுலேட்டர்; அதுவே சட்டவிரோதம் என்று சொல்பவர்களும் உண்டு. பிளேஸ்டேஷன் கேம்களைக் கணினியில் ஓட்டும் எமுலேட்டரை உருவாக்கிய கனெக்டிக்ஸ் நிறுவனத்தின் மீது சோனி தொடுத்த வழக்கில், 2000-ஆம் ஆண்டு அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் கனெக்டிக்ஸ் பக்கமே நின்றது. உரிமையில்லாமல் கேமை நகலெடுப்பதும், அதன் பூட்டை உடைப்பதும் வேறு விவகாரம்.

வாலரன்ட்டும் ஃபோர்ட்நைட்டும் தினமும் ஆடுபவர்கள் விண்டோஸை அழித்துவிட வேண்டாம். மற்றவர்கள் தங்களுக்குப் பிடித்த கேமின் பெயரை, லினக்ஸில் எது எப்படி ஓடுகிறது என்று பயனர்கள் பதியும் புரோட்டான்டிபி தளத்தில் ஒருமுறை தேடிப் பார்த்துவிட்டு முடிவெடுக்கலாம். வால்வின் ஸ்டீம் இணையக் கடையில் வாங்கிய கேம் ஓடாவிட்டால், வாங்கி 14 நாட்களுக்குள், 2 மணி நேரத்துக்குக் குறைவாக ஆடியிருந்தால் பணத்தைத் திரும்பப் பெறலாம்.