'ஓ' என்னும் ஓரொலி

வியப்பு, இரக்கம், அச்சம் முதலிய உணர்ச்சிகளைச் சட்டென வெளியிடும் சொற்களை வியப்பிடைச்சொற்கள் என்பர். ஆங்கிலத்தில் இவற்றுள் மிகுதியாக வழங்குவது 'ஓ' ஆகும். எழுதுகையில் ஓ, ஹெச் என இரண்டு எழுத்துக்கள். ஒலிக்கையில் ஹெச் மறைந்துவிடும்.

நமது ஓகாரம் தொடக்கம் முதல் இறுதி வரை ஒரே நிலையில் ஒலிக்கும். ஆங்கில 'ஓ'வோ முடியும்போது இதழ் குவிந்து உகரச் சாயல் பெறும். இவ்வேறுபாட்டால் பொருள் கெடுவதில்லை. பொருளை மாற்றுவது குரலின் ஏற்ற இறக்கமே.

1. உச்சியில் தொடங்கி இறங்கினால் வியப்பு.
2. கீழிருந்து ஏறினால் 'அப்படியா?' என்னும் வினா.
3. தாழ்ந்து நீண்டால் ஏமாற்றம் அல்லது இரக்கம்.
4. குறுகி இறங்கினால் 'புரிந்தது'.
5. ஏற்ற இறக்கமின்றி ஒலித்தால் அக்கறையின்மை.

இவ்வுண்மை தமிழுக்குப் புதிதன்று. ஔகாரம் இரட்டித்தும், அளபெடுத்தும், தனித்தும் வருகையில் பொருள் வேறுபடும் என்றும், அது சொல்வோன் குறிப்பாலும் இசையாலும் விளங்கும் என்றும் தொல்காப்பியர் இடையியலில் கூறுகிறார். ஓகார இடைச்சொல்லுக்கு அவர் கூறும் பொருள்கள் 6. நன்னூலார் கூறுவன 8. அவற்றுள் கழிவிரக்கமும் ஒன்று. 'ஓஓ! கெட்டதே' என்பது அதற்கு எடுத்துக்காட்டாகும்.

ஆங்கில 'ஓ' எதை உணர்த்துகிறது? இதுவரை அறியாததை இப்போது அறிந்தேன் என்பதையே அது பெரும்பாலும் உணர்த்தும் என்று ஜான் ஹெரிட்டேஜ் என்னும் அறிஞர் 1984-இல் விளக்கினார். ஆகவே அது செய்தி வந்து சேர்ந்ததற்கான அடையாளமேயன்றி, இசைவு அன்று. கும்மிடிப்பூண்டி இலங்கைத் தமிழர் முகாமில் வாழ்வோர் பேச்சில் 'ஓம்' என்றால் 'ஆம்' என்று பொருள். ஆங்கில 'ஓ'வை அவ்வாறு கொள்ளுதல் கூடாது.

நம்மில் பலர் பட்டம் பெற்றபின் சிப்காட் தொழிற்சாலைகளில் வேலை தேடுவோம். தமிழ், தெலுங்கு, இந்தி பேசுவோர் கலந்து பணிபுரியும் அங்கே ஆங்கிலச் சிறு சொற்களே பாலமாகின்றன. நேர்முகத் தேர்வில், "இரவு ஷிப்டும் உண்டு" என்பார்கள். அதற்கு 'ஓ' என்று மட்டும் சொன்னால், கேட்பவர் அதைத் தயக்கம் என எண்ணக்கூடும். "இயந்திரத்தை நிறுத்தாமல் கை வைக்காதே" என்று மேற்பார்வையாளர் எச்சரிக்கையில், தட்டையான 'ஓ' ஒன்றே விடையானால், புரிந்ததா இல்லையா என்பது அவருக்கு விளங்காது. அங்கே ஐயம் விபத்தில் முடியலாம். "ஓ, ஐ சீ" என்று கூறி, கேட்டதை ஒருமுறை திருப்பிச் சொல்லுதலே நன்று.

எனவே, ஆங்கிலம் பயிலும் நண்பர்கள் அகராதியில் பொருளைப் பார்த்ததோடு நிறுத்தாமல், வானொலியிலும் திரைப்படத்திலும் இவ்வொலி ஏறி இறங்கும் முறையைச் செவியால் கற்பார்களாக.