ஆபீஸ் அனுப்பும் முதல் வெளிநாட்டுப் பயணமா? பண வேலையைச் சேலத்திலேயே முடியுங்கள்

பனமரத்துப்பட்டியில் அரளி பறித்துச் சேலம் வ.உ.சி. பூ மார்க்கெட்டுக்கு அனுப்புகிற வீட்டில் வளர்ந்தவருக்குக் கமிஷன் என்றால் என்னவென்று யாரும் பாடம் எடுக்க வேண்டாம். மண்டிச் சீட்டில் விலை தனி, கமிஷன் தனி. வெளிநாட்டுப் பணம் விற்கிற இடத்தில் அப்படி இல்லை. ‘கமிஷன் கிடையாது’ என்று போர்டு மாட்டிய கவுன்டரில் அது ரேட்டுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கும். அதனால் ரேட் என்னவென்று கேட்காதீர்கள். போவது சிங்கப்பூருக்கு என்றால், “500 சிங்கப்பூர் டாலர் என் கைக்கு வர எல்லாம் சேர்த்து எத்தனை ரூபாய்?” என்று இரண்டு மூன்று இடங்களில் கேளுங்கள். ஜி.எஸ்.டி.யும் அந்தத் தொகைக்குள் வந்துவிட வேண்டும். அந்த வரி குறைந்தது 45 ரூபாயாவது இருக்கும்.

இதைச் சேலத்திலேயே கேட்பது நல்லது. நம்ம கமலாபுரம் விமான நிலையத்தில் உள்நாட்டு விமானங்கள்தான். சிங்கப்பூருக்குத் திருச்சி, சென்னை, பெங்களூரு என்று எங்கேயாவது போய்த்தான் ஏற வேண்டும். “ஏர்போர்ட்டில் மாத்திக்கலாம் தம்பி” என்று டிராவல்ஸ்காரர் சொல்வார். அங்கே அவசரக்காரர்கள்தான் வாடிக்கையாளர்கள். ரேட்டும் அதற்கேற்றபடி இருக்கும்.

அடுத்து கார்டு. ரிசர்வ் வங்கி 2020-இல் கொண்டுவந்த விதிப்படி, புதிதாகத் தரும் கார்டு இந்தியாவுக்குள் ஏ.டி.எம்.மிலும் கடை மெஷினிலும் மட்டுமே வேலை செய்யும். வெளிநாட்டுப் பயன்பாடு, ஆன்லைன், தட்டிச் செலுத்தும் வசதி மூன்றையும் நீங்கள்தான் தனித்தனியாகத் திறக்க வேண்டும். கிளம்புவதற்கு முன்பே வங்கி ஆப்பில் திறந்து, தினசரி வரம்பையும் வைத்துவிடுங்கள். ஓ.டி.பி. வருகிற சிம்முக்கு ரோமிங் இருக்கிறதா என்றும் பாருங்கள். அது இல்லாமல் அங்கே போய் இறங்கினால், கணக்கில் பணம் இருந்தும் கை கட்டிக்கொண்டு நிற்க வேண்டியதுதான்.

ஏ.டி.எம். கணக்கைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். ஒரு சிங்கப்பூர் டாலர் 65 ரூபாய், உங்கள் வங்கி ஒவ்வொரு முறைக்கும் 150 ரூபாய், அதற்கு மேல் நாணயம் மாற்றுவதற்கான மார்க்அப் 3.5 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 50 டாலர் எடுத்தால் 3,250 ரூபாய்க்கு ஏறக்குறைய 264 ரூபாய் போய்விடும்; அதாவது 8 சதவீதம். ஒரே தடவையில் 300 டாலர் எடுத்தால் 19,500 ரூபாய்க்கு ஏறக்குறைய 833 ரூபாய். 4 சதவீதத்தைச் சற்றே தாண்டும். எடுக்க வேண்டியதை ஒன்றிரண்டு தடவையில் எடுத்துவிடுங்கள். ஏ.டி.எம். வைத்திருக்கும் அந்த ஊர் வங்கியும் தனியாகப் பிடிக்கலாம். தாய்லாந்தில் தடவைக்கு 200 பாத்துக்கு மேலேயே போகும். கிரெடிட் கார்டில் மட்டும் ரொக்கம் எடுக்கவே கூடாது. எடுத்த அன்றே வட்டி ஓடத் தொடங்கிவிடும்.

மெஷின் திரையில் ‘இந்திய ரூபாயில் செலுத்துகிறீர்களா?’ என்று ஒரு கேள்வி வரும். நம்ம ஊர்க் காசைப் பார்த்ததும் விரல் தானாக அங்கே போகும். வேண்டாம் என்று தள்ளிவிட்டு உள்ளூர் நாணயத்தையே தேர்ந்தெடுங்கள். ரூபாயாக மாற்றித் தருகிற அந்தச் ‘சேவை’க்கு மெஷின்காரர் வைத்த ரேட் பெரும்பாலும் உங்கள் வங்கி ரேட்டை விட மோசமாகத்தான் இருக்கும்.

ஒரு வாரத்துக்கு மேல் தங்குவதென்றால், முன்கூட்டியே வெளிநாட்டுப் பணம் ஏற்றிக்கொள்கிற ஃபாரெக்ஸ் கார்டு வசதி. சிங்கப்பூர் டாலராக ஏற்றிவிட்டால் அங்கே கடையில் தேய்க்கும்போது மார்க்அப் இருக்காது. அதே கார்டை மலேசியாவில் ரிங்கிட்டுக்குத் தேய்த்தால் நாணயம் மாற்றும் கட்டணம் விழும். ஹோட்டல் முன்பணத்துக்கு அதைக் கொடுக்காதீர்கள். நிறுத்திவைத்த தொகை திரும்பி வர நாளாகும். அதற்குக் கிரெடிட் கார்டு போதும். சிங்கப்பூர் ரயிலில் வெளிநாட்டு வங்கிக் கார்டைத் தட்டினால் பயணம் செய்கிற ஒவ்வொரு நாளுக்கும் 60 சிங்கப்பூர் சென்ட் கூடுதல். தினமும் ரயிலில் போகிறவர் அந்த ஊர்ப் பயண அட்டையை வாங்கிவிடலாம்.

யு.பி.ஐ. சிங்கப்பூரில் சில கடைகளில் ஓடும். இலங்கையிலும் மொரிஷியஸிலும் 2024 பிப்ரவரியில் வந்தது. ஆப்பில் வெளிநாட்டு வசதியைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் அதை மட்டும் நம்பிக் கிளம்பாதீர்கள்.

ரொக்கத்துக்கும் வரம்பு உண்டு. பெரும்பாலான நாடுகளுக்கு ஒரு பயணத்துக்கு 3,000 அமெரிக்க டாலர் மதிப்புக்கு மேல் நோட்டாகக் கொண்டுபோக முடியாது. இந்திய ரூபாய் என்றால் 25,000 வரை. 50,000 ரூபாயோ அதற்கு மேலோ கொடுத்து வாங்கினால் ரொக்கமாகக் கட்ட முடியாது. வங்கி வழியாகத்தான் செலுத்த வேண்டும்.

கிளம்பும் முன் அக்கவுன்ட்ஸ் பிரிவில் ஒரு கேள்வியைக் கட்டாயம் கேளுங்கள்: எந்த நாள் ரேட்டில் பணம் திருப்பித் தருவீர்கள்? பதிலை மெயிலில் வாங்கிக்கொள்ளுங்கள். டாலர் வாங்கிய ரசீதுதான் உங்கள் ரேட்டுக்குச் சாட்சி. சாப்பாட்டு பில், டாக்ஸி பில் எல்லாவற்றையும் அன்றன்றே போட்டோ எடுங்கள். அந்த வழவழப்பான தாளில் எழுத்து சீக்கிரம் மங்கிவிடும். திரும்பிய பிறகு 2,000 அமெரிக்க டாலர் மதிப்பு வரை நோட்டு கையில் வைத்திருக்கலாம்; மிச்சத்தை 180 நாளுக்குள் விற்றுவிட வேண்டும். சில்லறைக் காசை இங்கே யாரும் வாங்க மாட்டார்கள், அங்கேயே ஒரு காபி குடித்துவிட்டு வாருங்கள்.